விதைக்கு முன்னால் மண்ணைப் பாருங்க!
முதல் தோட்டம் போடும் குழுக்களுக்கு ஒரு பாடம்



சமீபத்தில் நடந்த குழுக் கூட்டங்களில் பல இடங்களில் ஒரே கேள்வி வந்தது. "பக்கத்துல காலி மனை கிடக்கு. நாங்க சேர்ந்து காய்கறித் தோட்டம் போடலாமா? என்ன விதை வாங்கலாம்?" தோட்டம் கண்டிப்பா போடலாம். ஆனால் விதை கடைசிக் கேள்வி. இடமும் மண்ணும்தான் முதல் கேள்வி. இதை நாங்கள் ஒரு நஷ்டத்துக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

நாங்கள் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் முடிச்சூர் பக்கம் ஒரு குழு. 12 பேர். காலி மனையில் தோட்டம் போட உள்கடனாக 3,000 ரூபாய் எடுக்கத் தீர்மானம் போட்டாங்க. அந்தக் கூட்டத்தில் நாங்களும் இருந்தோம், கை தட்டினோம். கத்தரி, வெண்டை, மிளகாய், கீரை என்று எட்டு வகை விதை வாங்கி, புரட்டாசியில் போட்டாங்க. நன்றாகவே முளைத்தது. ஐப்பசி மழையில் நாலு நாள் தண்ணீர் நின்றது. ஐந்தாம் நாள் செடியைப் பிடித்து இழுத்தால் வேர் அழுகிக் கையோடு வந்தது.

பிறகுதான் தோண்டிப் பார்த்தோம். மேலே அரை அடி மண். அதற்குக் கீழே செங்கல் துண்டு, சிமெண்ட் பூச்சு, பிளாஸ்டிக் கவர். மனையை உயர்த்த யாரோ கொட்டிய கட்டட இடிபாடு! கடப்பாரையால் ஒரே ஒரு குத்து குத்தியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கடனைப் பத்து மாதம் சந்தாவோடு சேர்த்து அடைத்தாங்க. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று. எல்லாரையும் பேசிச் சம்மதிக்க வைத்த அக்கா இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. "எல்லார் பணமும் என்னாலதான் போச்சு"ன்னு அழுதாங்க. தப்பு அவங்களுடையது இல்லை. சொல்லித் தர வேண்டிய நாங்கள்தான் சொல்லித் தரவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

முதல் படி: இடத்தைப் பாருங்க

1. வெயில். காய் காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேணும். கீரைக்கு 4 மணி நேரம் போதும். காலை 8, பகல் 12, மாலை 4 என்று மூன்று நேரமும் போய் நிழல் எங்கே விழுது என்று குச்சி நட்டு அடையாளம் வைங்க. ஒன்றை மறக்காதீங்க: மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். தெற்குப் பக்கம் 10 அடி மதில் இருந்தால், அந்த மாதம் நடுப்பகலிலேயே சுமார் 7 அடிக்கு நிழல் விழும். சித்திரையில் வெயில் பட்ட இடம் மார்கழியில் இருட்டாகிவிடும்.

2. மழைத் தண்ணீர். நம்ம பகுதியில் வருஷ மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பெய்யுது. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கியதை யாரும் மறக்க மாட்டோம். அந்த வெள்ளத்தில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, சாதாரண மழைக்கு எத்தனை நாள் நிற்கும் என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேளுங்க. அவங்க சொல்வதைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

3. பாசனத் தண்ணீர். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் செடியின் இலை ஓரம் கருகும். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் தண்ணீரைப் பரிசோதிக்காமல் நம்ப வேண்டாம். சாக்கடைத் தண்ணீரைக் கீரைக்கு விடவே கூடாது.

4. உரிமை. "சும்மாதானே கிடக்கு, போட்டுக்கோங்க" என்று வாயால் சொன்னது போதாது. எத்தனை மாதத்துக்கு, வீடு கட்ட ஆரம்பித்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார் என்று மனைக்காரரிடம் எழுதி வாங்குங்க. ஏரிக்கரை, புறம்போக்கு வேண்டவே வேண்டாம்.

இரண்டாம் படி: மண்ணைக் கேளுங்க

தாம்பரத்தைச் சுற்றி ஒரே மண் கிடையாது. பல்லாவரம், திரிசூலம், பச்சைமலை அடிவாரத்தில் சரளைக் கல் கலந்த மண். சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகளின் பக்கமும், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியும் களிமண் பாங்கு அதிகம். புது நகர்களில் பெரும்பாலும் லாரியில் வந்து கொட்டிய மண். அதனால் பக்கத்துத் தெருவில் நன்றாக விளைந்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீங்க.

காசு செலவில்லாத மூன்று சோதனைகள்:

கடப்பாரை சோதனை: நாலு மூலையிலும் நடுவிலும் ஒன்றரை அடி தோண்டுங்க. கல், பிளாஸ்டிக், கண்ணாடி வருதா, மண்புழு இருக்கா என்று பாருங்க.

குழிச் சோதனை: ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்க. வடிந்ததும் மறுபடி நிரப்புங்க. இரண்டாவது தண்ணீர் 4 மணி நேரத்துக்குள் வடிந்தால் நல்லது. மாலைக்குள் வடிந்தால் மேட்டுப்பாத்தி போடலாம். மறுநாளும் நின்றால் மழைக்காலத்தில் அங்கே தரையில் பயிர் வைக்காதீங்க.

பாட்டில் சோதனை: கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைங்க. மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் இறங்கும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி தெளிய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். எந்த அடுக்கு தடிமன் அதிகமோ அதுதான் உங்கள் மண்ணின் குணம்.

பிறகு ஆய்வுக்கு மண் எடுங்க. எருக்குழி, மரத்தடி, வரப்பு ஓரம் தவிர்த்து, பத்து இடங்களில் 'வி' வடிவில் அரையடி ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்கணும். எல்லாவற்றையும் கலந்து, நாலாகப் பிரித்து எதிர் எதிர் இரண்டு பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ வரும்வரை குறைங்க. நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயரும் இடமும் எழுதுங்க. எங்கே கொடுப்பது என்பதை வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ, காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சாதாரண ஆய்வு சத்து, உப்பு, கார அமில நிலையைத்தான் சொல்லும். ஈயம், குரோமியம் போன்ற நஞ்சைச் சொல்லாது. குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. தோல் பதனிடும் தொழில் பல காலம் நடந்த பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளின் நிலத்தடி நீரில் குரோமியம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தோல் கழிவு ஓடிய இடம், பேட்டரி உடைத்த இடம், குப்பை எரித்த இடம் என்று தெரிந்தால் அந்த மண்ணில் உணவுப் பயிர் வேண்டாம். பிள்ளைகள் சாப்பிடப்போவது இதைத்தான்.

மூன்றாம் படி: மண்ணைத் தயார் செய்யுங்க

முதல் வருஷம் ஒரு சென்ட்டுக்கு மேல் போகாதீங்க. அது சுமார் 435 சதுர அடி. பன்னிரண்டு பேருக்கு அதுவே நிறைய வேலை.

• சித்திரை: இடம் பார்த்தல், மண் ஆய்வு. கல், பிளாஸ்டிக் பொறுக்குதல்.

• வைகாசி: ஒரு மழை பெய்ததும் கொத்தி, சணப்பை அல்லது தக்கைப்பூண்டு விதைங்க. மண் பிசுபிசு என்று ஒட்டும்போது கொத்தினால் கட்டியாகிக் கல்லாக இறுகும். கையில் பிடித்து உருட்டி, விரலால் தட்டினால் உதிரணும். அதுதான் பதம்.

• ஆனி: 45 நாளில் பூ எடுக்கும் நேரத்தில் செடியை அப்படியே மடக்கிக் கொத்திவிடுங்க. மட்க இரண்டு, மூன்று வாரம் விடுங்க.

• ஆடி: சென்ட்டுக்கு 100 கிலோ மட்கிய தொழு உரம், ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கு கலங்க. பச்சைச் சாணி போட்டால் கரையானும் புழுவும்தான் வரும். நன்றாக மட்கிய எருவில் சாண வாசனை இருக்காது, மழை பெய்த மண் வாசனை வரும்.

பாத்தி 3 அடி அகலம். அப்போதுதான் இரண்டு பக்கமும் நின்று கை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். நடக்க ஒன்றரை அடி வழி. ஐப்பசி மழையை நினைத்துப் பாத்தியை ஓரடி உயர்த்துங்க. நடைவழியைத் தாழ்வான பக்கம் பார்த்துச் சரியவிட்டால் அதுவே வடிகால்.

மணல் அதிகமா? எருவைக் கூட்டுங்க. களி அதிகமா? மட்கிய இலை, தென்னை நார்க்கழிவு உரம் சேருங்க. ஏரி வண்டல் நல்லதுதான், ஆனால் அரசு அனுமதி வாங்கித்தான் எடுக்கணும். இடிபாட்டு மண் என்றால் போராடாதீங்க. செங்கல் வரம்பு கட்டி வேறு நல்ல மண் நிரப்புங்க, அல்லது சாக்குப் பையில் வளருங்க.

நான்காம் படி: கீரையிடம் கேளுங்க

கடன் எடுப்பதற்கு முன் ஒரே ஒரு பாத்தியில் சிறுகீரையோ அரைக்கீரையோ விதைங்க. 25, 30 நாளில் மண் பதில் சொல்லிவிடும். பச்சையாக, சீராக வந்தால் தைரியமாக அடுத்த பாத்திக்குப் போகலாம். மஞ்சளாக, குட்டையாக நின்றால் மண்ணில் இன்னும் வேலை இருக்கு. போனது ஒரு கைப்பிடி விதைதான்.

முதலில் சொன்ன குழுவைக் கேட்கிறீங்களா? அடுத்த வருஷம் அதே பெண்கள் வேறு மேட்டு இடம் பார்த்தாங்க. இந்த முறை கடன் இல்லை. சித்திரையில் ஆரம்பித்து ஆடி வரை மண் வேலை மட்டுமே. "மூணு மாசமா வெறும் மண்ணைக் கிளறுறீங்களே"ன்னு தெருவே கேலி பேசுச்சு. முதல் கீரைக்கட்டை அறுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தது அந்த அக்காதான். பன்னிரண்டு பங்காகப் பிரித்துக் கொடுத்தாங்க. எங்களுக்கும் ஒரு பங்கு கிடைத்தது.

உங்கள் குழுக் கூட்டத்தில் பேச:

1. நாம் பார்த்திருக்கும் இடத்தில் மழைக்கு எத்தனை நாள் தண்ணீர் நிற்கும்? யாரைக் கேட்டோம்?
2. அந்த மண் அங்கேயே இருந்ததா, கொட்டியதா? முன்னால் அங்கே என்ன நடந்தது?
3. மனைக்காரரிடம் எழுதி வாங்கிவிட்டோமா?
4. குழிச் சோதனையை எந்த இரண்டு பேர், எந்தத் தேதியில் செய்வார்கள்?

நாலுக்கும் பதில் தீர்மான நோட்டில் ஏறிய பிறகு விதைக் கடைக்குப் போங்க. அதுவரை கடப்பாரை போதும்.