கணக்குக் கம்ப்யூட்டருக்குத் தனி நெட்வொர்க் கார்டு

இடி, மின்னலுக்குப் பிறகு கடைக் கம்ப்யூட்டருக்கும் குடோன் கம்ப்யூட்டருக்கும் தொடர்பு அறுந்துபோனால், "மதர்போர்டு போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். மற்ற வேலைகள் ஒழுங்காக நடந்தால் அவசரப்பட வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், சுவிட்ச் பெட்டியில் வேறு துளையில் செருகுங்கள். அப்போதும் விளக்கு எரியாவிட்டால் கேபிள் செருகும் முனைதான் பெரும்பாலும் கெட்டிருக்கும். அதற்குத் தனி நெட்வொர்க் கார்டு ஒன்று போதும்.

வாங்குமுன் உள்ளே உள்ள ஸ்லாட்டைப் பாருங்கள். பழைய பி.சி.ஐ. ஸ்லாட் சுமார் 8.5 செ.மீ. நீளம், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் சிறு ஸ்லாட் 2.5 செ.மீ.தான். ஒன்றின் கார்டு மற்றதில் ஏறாது. ஒல்லியான பெட்டி என்றால் குட்டைத் தகடு உள்ள கார்டாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்குகளை முதலில் பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, கார்டை ஓரத்தில் பிடித்து நேராக அழுத்துங்கள். ஸ்குரூவை விட்டுவிடாதீர்கள், கேபிளை யாராவது இழுத்தால் கார்டு கிளம்பிவிடும்.

வந்த மெக்கானிக் இன்டர்நெட் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மறுநாள் குடோனில் பில் திறக்காது! காரணம் இதுதான்: குடோன் கம்ப்யூட்டர் கடைக் கம்ப்யூட்டரை 192.168.1.10 போன்ற ஒரு ஐ.பி. எண்ணைக் கொண்டு தேடுகிறது. புதுக் கார்டுக்கு வேறு எண் கிடைத்திருக்கும். பழைய எண்ணை முன்கூட்டியே குறித்து வைத்து, அதையே புதுக் கார்டுக்கும் நிலையாகக் கொடுக்கச் சொல்லுங்கள். பழைய முனையையும் செட்டிங்கில் நிறுத்திவிட வேண்டும்.

இன்னொன்று. சில பில்லிங் மென்பொருள்களின் லைசென்ஸ், கார்டில் பதிந்த தனி எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். கார்டு மாறினால் மென்பொருள் நம்மை அந்நியர் என்று நினைத்துக் கதவைச் சாத்தும். விற்றவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். தீபாவளி வாரத்துச் சனிக்கிழமை மாலையில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

தெருவைக் கடந்து திறந்தவெளியில் செப்புக் கேபிள் போகிறதென்றால், அடுத்த மின்னலில் புதுக் கார்டும் போகலாம். அந்தத் தூரத்துக்கு மட்டும், உள்ளே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிள் போட்டுக்கொள்ளுங்கள்.