காதுக்குள் ஓயாத இரைச்சல்

கேள்வி: ஷெல்லடிக் காலத்திலிருந்து காதுக்குள் 'கீ' என்று இரைகிறது. மாறுமா?
– வாசகர், அரியாலை

பதில்: காதிரைச்சல் தனி நோயன்று, அறிகுறி. உட்காதின் நத்தைச்சுருளில் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள் உள்ளன. வெடியதிர்ச்சியில் சிதைந்தவை மீண்டும் முளைப்பதில்லை. குறைந்துபோன ஒலியை ஈடுசெய்ய மூளை தன் உணர்திறனைக் கூட்டுகிறது. அதுவே இரைச்சலாகிறது என்பது பரவலான விளக்கம். 2000இல் உள்நாட்டுப் போரின் சண்டை அரியாலை வரை வந்தது. ஆகவே அங்குள்ளோரின் இரைச்சலை மனப்பிரமை என்று ஒதுக்குவது பெருந்தவறு.

முற்றாக நீக்கும் மருந்து இல்லை. ஆனால் பெரும்பாலோருக்கு மூளை மெல்லப் பழகிக்கொள்கிறது. இரவின் அமைதியில் தொல்லை கூடும். அப்போது மின்விசிறிச் சத்தமோ தணிந்த வானொலியோ உதவும். கேள்திறன் குறைந்தோருக்குக் காதுக்கருவி இரைச்சலையும் தணிக்கலாம். காதுக்குறும்பியும் சில மாத்திரைகளும்கூடக் காரணமாவதுண்டு.

ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு ஒலித்தாலோ, யாழ். போதனா வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்ட வேண்டும். திடீரெனக் காது அடைத்துக் கேளாமற்போனால் அன்றே போக வேண்டும்.