ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போயிற்றா?

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் விடிகாலையில் நடப்பவர்கள் ஏராளம். நடக்க ஆசையிருந்தும் வராதவர்களைக் கேட்டால் "நேரமில்லை" என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறு காரணம் வெளியே வரும்: "போன வாட்டியே பாதியில நின்னு போச்சு. மறுபடி ஆரம்பிச்சு மறுபடி விட்டா வீட்டுல என்ன நினைப்பாங்க?" இந்தப் பயத்துக்குத் தீனி போடும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் படியும், நடுவில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த 21, பழக்கங்களை ஆராய்ந்து கண்ட எண்ணே அல்ல. அறுவைக்குப் பின் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதினார். சொல்லிச் சொல்லி 'குறைந்தது' காணாமல் போய்விட்டது. பின்னாளில் லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டார்கள், நடுமதிப்பு 66. இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. ஆகவே 22-ஆம் நாளும் எழுந்திருக்க அலுப்பாக இருந்தால், அது உங்கள் குறையல்ல.

நம்பிக்கை: 10,000 அடி நடக்காவிட்டால் பயனில்லை.

'10,000 அடி' என்பது 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர். ஒரே மூச்சில் 10 நிமிடமாவது அசைய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உலக சுகாதார நிறுவனமே 2020-இல் கைவிட்டது. பஸ் ஸ்டாப் வரை நடந்தாலும் கணக்கில் சேரும்.

நம்பிக்கை: இலக்கைத் தொடாவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

இதற்குப் பதில் பக்கத்திலேயே, நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருக்கிறது. கே.ஆர். தங்கப்பன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பகுதிகளில் அந்தந்த ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ள உதவும் கூட்டங்களை முன்னின்று நடத்தினார்கள். 2 ஆண்டு முடிவில், கூட்டங்களில் சேர்க்கப்பட்டவர்களில் 14.9 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 17.1 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்திருந்தது. புள்ளியியல்படி இதை உறுதியான வித்தியாசம் என்று சொல்ல முடியாது. முதன்மை இலக்கு கைகூடவில்லை என்பதை 2018-இல் வெளியான கட்டுரை மறைக்கவில்லை.

ஆனால் கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டவர்களிடையே மது குறைந்திருந்தது. காய்கறி, பழம் கூடியிருந்தது. உடலால் இயங்கும் திறன் மேம்பட்டிருந்தது. இதையெல்லாம் தோல்வி என்று எழுதிவைக்க எனக்கு மனம் வராது.

அந்த 1,007 பேரைத் தேர்ந்தெடுக்கப் பயன்பட்டது சென்னையில் 2005-இல் உருவான எளிய மதிப்பெண் முறை. இரத்தப் பரிசோதனை வேண்டாம். வயது, பெற்றோருக்குச் சர்க்கரை நோய் உண்டா, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு என்ற நான்கே கேள்விகள். முதல் இரண்டை யாராலும் மாற்ற முடியாது. கடைசி இரண்டையும் மாற்றும் முயற்சியை எத்தனை தடவை விட்டாலும் திரும்பத் தொடங்கலாம். நெஞ்சுவலி உள்ளவர்களும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களும் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.