மேலிடத்தின் இசைவு

புதிய பொறியொன்றின் ஆற்றலை விரித்துரைத்தால் நிருவாகத் தலைவர்கள் மகிழ்ந்து பொருளுதவுவர் என்று இளம் பொறியியலாளர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தோடு சென்று வெறுங்கையராய்த் திரும்பியோர் நம் பழைய மாணவருள்ளும் இருப்பர். அன்னார் ஆராயத்தக்க வரலாறு ஒன்றுண்டு.

இலண்டனில் தேநீர்ச்சாலைகளும் வெதுப்பகங்களும் நடத்திய லயன்ஸ் கம்பனியே, வணிக அலுவலகக் கருமங்களை ஒழுங்காகச் செய்தற்குக் கணினியை முதன்முதலிற் பயன்கொண்டது. ரொட்டி விற்போர் கணினி செய்தது எங்ஙனம்? அக்கம்பனி எண்ணிறந்த சிறு விற்பனைகளால் வாழ்ந்தது; ஒவ்வொன்றிலும் கிடைத்த இலாபமோ மிகச் சொற்பம். ஆகவே எழுதுவினைஞர் செலவு பணிப்பாளர் சபைக்கு ஓயாக் கவலையாயிருந்தது. 1947 இல் அமெரிக்கா சென்று மீண்ட தொம்சன், ஸ்ராண்டிங்போர்ட் என்னும் அலுவலர் இருவரும் தம் அறிக்கையில் அக்கவலையையே தொட்டனர். பொறியின் விலை ஏறக்குறைய 100,000 பவுண், ஆண்டுதோறும் மிச்சமாவது 50,000 பவுண் என மதிப்பிட்டனர். மின்குழாய்களின் விந்தையைக் காட்டிலும் இக்கணக்கே சபையாருக்கு எளிதில் விளங்கியிருக்கும்.

மேலிடம் முழுத்தொகையையும் உடனே ஈந்துவிடவில்லை. கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மொறிஸ் வில்க்ஸ் அமைத்துக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு 3,000 பவுண் வழங்கி, தம் பணியாளர் ஒருவரையும் அனுப்பிவைத்தது. அக்கணினி 1949 மே மாதத்தில் இயங்கிக் காட்டிய பின்னரே தமக்கெனப் பொறி அமைக்க முற்பட்டது. (மதிநுட்பம் இச்சிறு தொகையிலேதான் உள்ளது என்பது எம் கருத்து. மறுப்பதற்குச் செல்வக் கம்பனி கூசும் தொகை அது.)

இன்னொன்று. அறிக்கை எழுதியோருக்கும் சபைக்கும் நடுவே ஜோன் சிமன்ஸ் என்னும் மூத்த நிருவாகி நின்றார். அலுவலக முறைகளைச் சீர்செய்து பல்லாண்டு பயன்காட்டியவராதலின் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. அத்தகைய மதிப்பு, திட்டம் வரையும் ஆண்டில் ஈட்டக்கூடியதன்று.

லியோ எனப் பெயர்பெற்ற அப்பொறிக்கு 1951 நவம்பரில் முதலில் அளிக்கப்பட்ட வாராந்தக் கருமம், வெதுப்பகப் பண்டங்களின் பெறுமதியைக் கணித்தல். ஒரு வாரம் அது பிழைத்தாலும் எவர் வீட்டிலும் அடுப்பு அணையாது. தொழிலாளரின் சம்பளக் கணக்கு 1954 அளவிலேதான் அப்பொறியின் பொறுப்பாயிற்று.