ஓரத்தில் எழுதிய திருத்தம்

"மாஸ்டர், பாஸ்போர்ட் வெச்சிருக்கறீங்களா?"

2022 கடைசியில் ஒரு நாள் முதலாளி இப்படிக் கேட்டபோது, "இல்லீங்க, அதுக்கென்னங்க, எடுத்தர்லாமுங்க" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிவிட்டார் அவர். காங்கேயத்துக்காரர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டர். ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் பத்தடி தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுகிற ஆள். தன்னுடைய காகிதங்களில் எத்தனை கோடு விழுந்திருக்கிறது என்பது மட்டும் முப்பத்து நான்கு வயதுவரை அவருக்குத் தெரியாது.

முதலாளி கேட்டதற்குக் காரணம் இருந்தது. உலகத்து ஜவுளி இயந்திரக் கம்பெனிகள் எல்லாம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் ஐடிஎம்ஏ கண்காட்சி 2023 ஜூன் 8 முதல் 14 வரை இத்தாலியின் மிலான் நகரில் நடக்க இருந்தது. புதுப் பின்னல் இயந்திரம் வாங்கும் முன் அதை ஓட்டப்போகிறவர் நேரில் பார்ப்பது நல்லது என்பது முதலாளியின் கணக்கு. கையில் ஆறு மாதம் இருந்தது.

மாஸ்டர் தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கதை முழுக்கப் பெயரைப் பற்றியதுதான் என்பதால், போடாமல் இருப்பது ஒருவகையில் பொருத்தமாகவும் இருக்கிறது.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டார்கள். சாதாரண முறைக்கு 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. திருப்பூர் மாவட்டம் கோவை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டுக் கோவைக்குப் போனார். பாஸ்போர்ட் சேவா மையத்தில் ஏ, பி, சி என்று மூன்று கவுன்ட்டர்கள். ஏ-யில் புகைப்படமும் கைரேகையும், பி-யில் ஆவணச் சரிபார்ப்பு, சி-யில் ஒப்புதல். அவர் பி-யைத் தாண்டவில்லை.

சிக்கல் இனிஷியலில் தொடங்கியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். ஆதாரிலும் அப்படியே. பான் அட்டையில் மட்டும் அப்பா பெயர் முழுதாக இருந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. அதை விரித்துத்தான் எழுத வேண்டும். விரித்தால் ஆங்கிலத்தில் எந்த எழுத்துக்கூட்டல்? கொங்கு நாட்டில் வீட்டுக்கு ஒரு ‘சாமி’ உண்டு. அந்தச் சாமியை எஸ், ஏ, எம், ஒய் என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு டபிள்யூ-வைச் செருகி ஐ-யில் முடிப்பவர்கள் மறுபக்கம். தமிழில் ஒரே சாமிதான். கணினிக்கு அவை இரண்டு மனிதர்கள். கோப்பு ஹோல்டில் வைக்கப்பட்டது.

இந்தச் சர்நேம் தொல்லை தமிழர்களுக்கு என்றே வாய்த்தது. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொன்னது. அந்தக் காற்றில் இங்கே பெயரின் வால் உதிர்ந்தது. அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும் தலையில் நின்றது. நல்ல காரியம்தான். ஆனால் உலகத்துப் படிவங்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு அச்சாகவில்லை. சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு முழுப் பெயரையும் முதல் கட்டத்திலேயே எழுதுவோர் பலர். அதிலும், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருபவர்களை ஏற்க மாட்டோம் என்று 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தாலும், அந்த நவம்பரில் துபாய்க்கு டிக்கெட் போட்டிருந்தவர்கள் பட்ட பாடு திருப்பூர் டீக்கடைகளில் நெடுநாள் பேச்சாக இருந்தது. நம் மாஸ்டர் அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போடுவது என்று முடிவெடுத்தார். அதன் பலனை 2025 அக்டோபரில் சிங்கப்பூரில் நடந்த ஐடிஎம்ஏ ஆசியா கண்காட்சிக்குப் போனபோது அனுபவித்தார். விமான நிலையத்தில் மூன்று முறை அவரை அழைத்தார்கள். அழைத்தது அப்பா பெயரை. கோவையைத் தாண்டாத தன் அப்பாவை இங்கே யார் தேடுகிறார்கள் என்று மூன்றாவது முறைதான் யோசித்தாராம்.

அது பின்கதை. ஹோல்டில் வைத்த அன்று மாலை அவர் செய்த காரியம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். வரும் வழியில் ஒரு மையத்தில் இறங்கி, ஆதாரில் பெயரை விரித்து மாற்றிவிட்டார். யாரோ சொன்னார்கள், "ஆதாரை மாத்தீட்டா எல்லாம் மாறிருமுங்க" என்று.

மாறவில்லை. ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே முறை. இரண்டில் ஒன்றை அவசரத்தில் செலவழித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தார். அதில் அப்பா பெயரே வேறாக இருந்தது.

ஆதார் என்பது நுனி. நாம் கொடுத்ததை வாங்கி அச்சடித்துத் தருவது. 2023 டிசம்பரில் ஆதார் ஆணையமே அது அடையாளத்துக்கான சான்று, பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதம் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை நீக்கியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும், ஒருவரின் வயதை நிர்ணயிக்கப் பள்ளிச் சான்றிதழ் இருக்க, ஆதாரைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்றது. காகிதங்களுக்குள் ஒரு பிறப்பு வரிசை இருக்கிறது. எது முதலில் பிறந்ததோ அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். மாஸ்டர் இதை வேறு மாதிரி சொல்கிறார்: "நூல்லயே தப்பு இருந்தா துணியில ஒட்டுப் போட்டு என்னங்க பிரயோசனம்?"

முதல் நூல், 1988ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவேடு. அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயரே இல்லை. ‘ஆண்’ என்று மட்டும் இருந்தது. அந்தக் காலத்தில் இது குறையே அல்ல. குழந்தைக்குப் பெயர் வைக்க நாள் ஆகும், பிறப்பைப் பதிவது அதற்குள் முடிந்துவிடும், திரும்பிப் போய்ப் பெயரைச் சேர்க்க யாருக்கும் தோன்றாது. அப்பாவின் இடத்தில், ஊரில் அவரைக் கூப்பிடும் பெயர், பின்னால் சாதிப் பட்டத்தோடு. ரேஷன் கார்டிலிருந்து நிலப் பட்டா வரை அப்பாவுக்கு இருந்த பெயர் அங்கே இல்லை. பிரசவ வார்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள், பாட்டி தன் வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

பெயர் சேர்ப்பது எளிதாக முடிந்தது. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் 14ஆம் பிரிவு அதற்கானது. தமிழ்நாட்டின் விதிப்படி பதினைந்து ஆண்டுக்குள் சேர்க்க வேண்டும். 2000த்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அந்தக் கெடுவைத் தள்ளித் தள்ளி 2024 டிசம்பர் 31 வரை கொடுத்திருந்தார்கள். அவர் போனது 2023 ஜனவரி.

அப்பா பெயர்தான் வேலை வாங்கியது. பதிவேட்டில் உள்ள பிழையைத் திருத்தும் அதிகாரத்தை 15ஆம் பிரிவு பதிவாளருக்கே தருகிறது. எழுத்துப் பிழை என்றால் அவர் பார்த்து முடிவு செய்யலாம். விஷயமே தவறு என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இருவர் எழுதித் தர வேண்டும். இந்தச் சட்டத்தில் ஓர் அழகு: பழைய பதிவை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. திருத்தத்தைப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, பதிவாளர் கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். பாட்டி சொன்ன பெயர் இன்றும் அங்கேயேதான் இருக்கிறது. பக்கத்தில் பேரனின் திருத்தம்.

நம்பகமான இருவரைப் பிடிப்பது லேசான காரியமில்லை. 1988இல் விவரம் தெரிந்த வயதில் இருந்திருக்க வேண்டும், இப்போதும் நடமாட வேண்டும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிடைத்தார். இன்னொருவர் எதிர்த்தோட்டத்துப் பெரியவர். "ஏனப்புனு, உங்கப்பன் பேரு எனக்குத் தெரியும். நான் நம்பகமானவன்னு ஆரு சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். சட்டம் அதற்குப் பதில் சொல்லவில்லை. அவருடைய வாக்காளர் அட்டை நகலை இணைத்துக் கொடுத்தார்கள்.

இரண்டு முறை அலைந்து வந்த கடுப்பில் ஒருநாள் சிவன்மலைக்குப் போய் உட்கார்ந்திருந்தாராம். பக்தர் கனவில் ஆண்டவர் சொல்லும் பொருளை உத்தரவுப் பெட்டியில் வைக்கும் கோயில் அது. யாராவது வந்து கனவு கண்டேன் என்று சொன்னதும் வைத்துவிட மாட்டார்கள். பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்தால்தான் வைப்பார்கள். கனவுக்கே பி கவுன்ட்டர் இருக்கும்போது பிறப்புக்கு இருக்காதா என்று மனசு ஆறிற்று என்றார்.

இதற்கு நடுவே, தேவையில்லாத பயம் ஒன்றும் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. காங்கேயம் எந்த மாவட்டம்? 1979 வரை கோவை மாவட்டம். பிறகு பெரியார் மாவட்டம். அது தொண்ணூறுகளில் ஈரோடு மாவட்டமாகப் பெயர் மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டம். ஊர் நகராமலேயே நான்கு பெயர் பார்த்துவிட்டது. அவர் பிறந்தது பெரியார் மாவட்டத்தில், படித்து முடித்தது ஈரோட்டில், விண்ணப்பிப்பது திருப்பூரில். ஊர்ப் பெயரையாவது ஒழுங்காக எழுதினார்களா என்றால், ஆங்கிலத்தில் சிலர் நடுவில் ‘இ’ போடுகிறார்கள், சிலர் ‘ஏ’ போடுகிறார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி ஆணை போட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கலாம். நம்மவர் இன்றைய மாவட்டத்தின் பெயரையே போட்டார். கவுன்ட்டரில் அதை யாரும் கேள்வியாகவே எடுக்கவில்லை. எல்லா வேறுபாடும் பிழை ஆகிவிடாது. உங்கள் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, இந்த மூன்றும் பொருந்தினால் பாதிக் கவலை போய்விடும்.

தேதி மட்டும் தனி ரகம். அவருடைய அக்காவின் கதை அது. தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொட்டதும் பள்ளியில் சேர்த்துக்கொண்ட காலம். ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் அடிப்படையில் பி.எப்., பான், ஓட்டுநர் உரிமம் எல்லாம் வந்துவிட்டன. பிறப்புப் பதிவேடு கார்த்திகை மாதம் என்கிறது. பெயருக்கு இரண்டு பெரியவர்கள் போதும். இதற்கு வக்கீல் வேண்டும். அக்காவின் வழக்கு இன்னும் நடக்கிறது.

பெயரில் பிழை வேறு, பெயரை மாற்றிக்கொள்வது வேறு. இதைக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். நியூமராலஜி பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டினால் அது திருத்தம் அல்ல, மாற்றம். அதற்கு அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். பதிவாளரிடம் போய் நின்று பயனில்லை.

பதிவேடு, அதைவைத்துப் புதுப் பிறப்புச் சான்றிதழ், பிறகு பான், கடைசியில் ஆதாரின் இரண்டாவது, இறுதி வாய்ப்பு. இந்த வரிசையில் முடித்துவிட்டு 2023 மே மாதம் மறுபடி கோவை போனார். ஏ கவுன்ட்டரில் விண்ணப்பதாரர் பக்கமும் ஒரு திரை இருக்கும். தட்டச்சு செய்வது அதில் தெரியும். பலர் அந்த நேரம் தலையைச் சீவிக்கொண்டிருப்பார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். அச்சான பிறகு ஓர் எழுத்து தவறு என்றாலும் பேனாவால் திருத்தித் தர மாட்டார்கள், மறுபடி விண்ணப்பம்தான். இன்னொன்றும் கற்றிருந்தார்: விண்ணப்பத்தை அரசின் தளத்தில் மட்டுமே போட வேண்டும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அதே சாயலில் பணம் பிடுங்கும் போலித் தளங்கள் உலவுகின்றன.

பாஸ்போர்ட் ஜூன் முதல் வாரம் கைக்கு வந்தது. விசாவுக்கு நேரமில்லை. மிலானுக்கு வேறொருவர் போய்வந்தார். அடுத்த ஐடிஎம்ஏ 2027 செப்டம்பரில், ஜெர்மனியின் ஹனோவரில்.

மனைவிக்குப் பாஸ்போர்ட் எடுத்தது இதைவிடச் சுருக்கமாக முடிந்தது. 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து திருமணச் சான்றிதழ் கேட்பதில்லை. பாஸ்போர்ட் கேட்கும் மனைவிக்குக் கணவனின் சம்மதமோ கையெழுத்தோ தேவையில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்ததைச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "நீங்க கூட வராட்டியும் பரவால்லீங்க" என்று அந்தம்மா கிண்டல் செய்தாராம்.

2024 பிப்ரவரியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்று விதி திருத்தப்பட்டது அதற்கு ஓராண்டு கழித்து, 2025 பிப்ரவரியில்தான். அவருக்கு அது அப்போது தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் பிரசவ வார்டு வாசலில் படிவத்தோடு வந்த நர்ஸிடம், கொஞ்சம் கொடுங்க, நானே எழுதறேன் என்று வாங்கிக்கொண்டார்.

சட்டைப் பையில் பாஸ்போர்ட் நகல். அதைப் பார்த்துத் தன் பெயரை, அப்பா பெயரோடு, கொட்டை எழுத்தில் எழுதினார். மனைவியின் ஆதாரைக் கேட்டு வாங்கி அதிலிருந்து எழுத்து எழுத்தாகப் பெயர்த்தார். குழந்தையின் பெயர்க் கட்டத்தில் பேனா நின்றதும் நர்ஸ், "அதைய அப்பறம் சேத்துக்கலாமுங்க, டைம் இருக்குது" என்றார்.

"இல்லீங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், மாமியாரையும் மனைவியையும் எழுப்பி உட்காரவைத்தார்.