மருத்துவமனைக்கு நன்கொடையா? கொடுக்குமுன் கேளுங்கள்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் உண்டியலை நீட்டி, "ஏழை நோயாளிகளுக்கு" என்றால் மனம் இளகத்தான் செய்யும். கொடுங்கள், ஆனால் முதலில் அறக்கட்டளையின் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லத் தயங்குபவருக்குக் காசு வேண்டாம்.

பெரிய தொகை என்றால் தணிக்கை செய்த வரவு-செலவுக் கணக்கைக் கேளுங்கள். அதில் சிகிச்சைக்குப் போனது எவ்வளவு, விளம்பரத்துக்கும் நிதி திரட்டவும் போனது எவ்வளவு என்று பாருங்கள். நிர்வாகச் செலவு இருப்பதே தவறு என்று நினைக்காதீர்கள். கணக்கு எழுதவும் ஆள் வேண்டுமே. எத்தனை பேருக்கு என்ன சிகிச்சை, ஒருவருக்கு எவ்வளவு செலவு என்பதற்குப் பதில் வர வேண்டும். கட்டடப் படத்தைக் காட்டுவது பதில் ஆகாது.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டும் நோயாளிகளிடமிருந்து வரும் வருவாயிலேயே ஏழைகளுக்கும் அறுவை சிகிச்சை செய்து வளர்ந்தது. உங்களிடம் கேட்கும் நிறுவனத்தின் சொந்த வருவாய் என்ன என்றும் விசாரியுங்கள்.

நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை (80ஜி) வேண்டுமென்றால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தராதீர்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் 'குழந்தையின் ஆபரேஷன்' செய்தியா? மருத்துவமனையைத் தொலைபேசியில் நேரடியாக அழைத்து உறுதிசெய்துவிட்டு, அதன் கணக்கிலேயே நோயாளி எண்ணைக் குறிப்பிட்டுப் பணம் கட்டுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.