நாயும் பூனையும் உள்ள வீட்டுக்கு எந்தச் செடி?

நர்சரிக்குப் போய், “வீட்டுக்குள்ள வைக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கண்ணே” என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, ஜிஜி பிளான்ட். வெயில் அதிகம் கேட்காது, நாலு நாள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வாடாது. விற்பவர் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஐந்துமே நாயோ பூனையோ கடித்து மென்றால் தொல்லை தரக்கூடியவை. எங்கள் வீட்டுக்குப் பூனையும் நாயும் வந்தபிறகு, செடி வாங்கும்போது கேட்கிற முதல் கேள்வியே மாறிவிட்டது. எவ்வளவு வெயில் வேண்டும் என்பதற்கு முன்னால், இதைத் தின்றால் என்ன ஆகும் என்று கேட்கிறோம்.

சேனைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். சரியாக வேகாவிட்டால் தொண்டை நமைக்கும். அதற்காகத்தான் புளி சேர்த்துச் சமைக்கிறார்கள். அந்த நமைச்சலுக்குக் காரணம் கிழங்கில் இருக்கும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, சிங்கோனியம், மான்ஸ்டெரா, ஆந்தூரியம், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாமே சேனையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. பச்சை இலையை மெல்லும் நாய்க்கு அந்த ஊசிகள் நாக்கிலும் ஈறிலும் குத்தி இறங்குகின்றன. எச்சில் வழியும், வாய் வீங்கும், முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும், வாந்தி எடுக்கும். உயிருக்கு ஆபத்து அரிது என்றாலும் அந்த வலி கொடியது. ஸ்நேக் பிளான்ட்டில் இருப்பது சப்போனின் என்ற வேறு பொருள். அதுவும் கற்றாழையின் மஞ்சள் பாலும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

உயிரையே எடுக்கும் செடிகள் தனி. பூனை இருக்கும் வீட்டில் முதலில் விலக்க வேண்டியது லில்லி. ஏஷியாட்டிக், ஓரியண்டல், ஈஸ்டர் லில்லி, டே லில்லி என எதுவாக இருந்தாலும் இலை, பூ, மகரந்தம், பூச்சாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். 18 மணி நேரத்துக்கு மேல் சிகிச்சை தள்ளிப்போனால் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது மிகக் கடினம். செடி வாங்காத வீட்டுக்கும் பிறந்தநாள் பூங்கொத்தில் லில்லி வந்துசேரும். கொத்தைப் பிரித்துப் பார்த்தபிறகே உள்ளே வைக்க வேண்டும்.

அடுத்தது சைகஸ். சேகோ பாம் என்ற பெயரில் விற்றாலும் இது பனை வகையே அல்ல. இதிலுள்ள சைகாசின் நாயின் கல்லீரலை அழிக்கும். கொட்டையில்தான் நஞ்சு அதிகம். அரளி, மஞ்சள் அரளி, தொட்டியில் அழகாகப் பூக்கும் அடீனியம் மூன்றும் இதயத் துடிப்பைக் குலைக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் கோல்சிசின் இருக்கிறது. இவற்றை மாடியிலோ பால்கனியிலோ வைப்பதும் வீட்டுக்குள் வைப்பதும் ஒன்றுதான். நாயும் பூனையும் அங்கேயும் போகும்.

பீஸ் லில்லியும் ஸ்நேக் பிளான்ட்டும் இத்தனை வீடுகளில் இருப்பதற்கு ஒரு காரணம், காற்றைச் சுத்தப்படுத்தும் செடிகள் என்ற பெயர். அது 1989இல் வெளியான நாசா ஆய்விலிருந்து பரவியது. அந்தச் சோதனை நடந்தது மூடிய சிறு அறைகளில். கதவு, ஜன்னல் வழியாகக் காற்று ஓடும் சாதாரண வீட்டில் நாலைந்து தொட்டிகளால் காற்று மாறிவிடாது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. அந்த ஒரு காரணத்துக்காக நஞ்சுள்ள செடியை வைத்திருக்கத் தேவையில்லை.

“உயரத்தில் வைத்துவிட்டால் போதாதா?” என்பது அடிக்கடி வரும் கேள்வி. நாய்க்கு ஓரளவு உதவும். பூனைக்கு அலமாரி உச்சியும் தரையும் ஒன்றுதான். தொங்கி ஆடும் கொடியைப் பார்த்தால் அதற்கு விளையாட்டு ஆசை வேறு வந்துவிடும். மேலிருந்து உதிரும் இலை கீழே இருக்கும் நாய்க்குக் கிடைக்கும். இடத்தை மாற்றுவதைவிடச் செடியை மாற்றுவதே நிம்மதி.

மாற்றுவதற்கு நல்ல செடிகள் இருக்கின்றன. கூடத்தில் வெளிச்சம் நன்றாக வரும் மூலைக்கு அரிக்கா பாம். தொங்கும் தொட்டிக்கு ஸ்பைடர் பிளான்ட். பூனை இலையைக் கடித்துக் குதறினாலும் புது இலை விடும். ஈரப்பதம் உள்ள குளியலறை ஜன்னலுக்கு பாஸ்டன் ஃபெர்ன். ஆனால் ஆஸ்பராகஸ் ஃபெர்ன் என்று தந்தால் வாங்க வேண்டாம். அது ஃபெர்னும் அல்ல, பாதுகாப்பானதும் அல்ல. வண்ண இலைக்கு கலாத்தியா. போர் தண்ணீரின் உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது, இலை ஓரம் கருகும். மழைநீரோ வடிகட்டிய நீரோ ஊற்றலாம். கற்றாழை மாதிரியே சிறிதாக வேண்டுமென்றால் ஹாவொர்தியா. மேசைக்கு பெப்பரோமியா, பூவுக்கு ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட், பால்கனிக்கு மல்லிகை. பாதுகாப்பான செடி என்றாலும் அளவுக்கு மீறித் தின்றால் வாந்தி வரத்தான் செய்யும்.

நாயும் பூனையும் புல் தின்பது இயல்பு. அதைத் தடுப்பதைவிட, ஒரு தொட்டியில் அருகம்புல்லோ கோதுமைப் புல்லோ வளர்த்து, மருந்து தெளிக்காமல் எட்டும் இடத்தில் வைப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்தத் தொட்டி வந்தபிறகு மற்றச் செடிகள் பக்கம் பூனை போவது வெகுவாகக் குறைந்தது.

தொட்டியில் போடும் உரத்தையும் கவனிக்க வேண்டும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரைசின் என்ற கொடிய நஞ்சு தங்கியிருக்கலாம். எலும்புத் தூளின் வாசனை நாயை மண் தோண்ட வைக்கும். இவை இரண்டையும் தவிர்த்து, நன்கு மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ போட்டால் போதும்.

எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. அந்த உப்பே நஞ்சாகும். வாயில் மிச்சமிருக்கும் இலையை எடுத்துவிட்டு, கடித்த செடியின் கிளையோடு உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எந்தச் செடி என்று தெரிந்தால் சிகிச்சை தாமதிக்காது.

நர்சரியில் சொல்லும் பெயர் ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். தாவரவியல் பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநல அமைப்பு நாய், பூனைக்கு நஞ்சான செடிகளையும் நஞ்சில்லாத செடிகளையும் அந்தப் பெயர்களோடு இணையத்தில் பட்டியலிட்டிருக்கிறது, இலவசமாகப் பார்க்கலாம். அதில் சரிபார்த்தபிறகு பணம் கொடுங்கள். வீட்டில் பூனையும் லில்லியும் சேர்ந்து இருந்தால், அந்த லில்லியை இன்றைக்கே பூனை இல்லாத வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.